மாநகர பட்ஜெட்: வரவுப் பக்கத்தை யாராவது படிக்கிறோமா?

புதுநாற்காலி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மாநகர மன்றத்தில் நிதிக்குழுத் தலைவர் பொறுப்பு இந்த முறை எனக்கு வந்திருக்கிறது. ஊர் பெயரைச் சொல்லவில்லை, கேட்காதீர்கள். வரும் நிதியாண்டு பட்ஜெட்டை மன்றத்தில் வைத்து உரை வாசிக்க வேண்டியது நான்தான்.

இதுவரை நடந்த முறை இதுதான்: கணக்குப் பிரிவில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் தயார் செய்வார்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கைக்கு வரும். தலைவர் உரையை வாசிப்பார், மேசை தட்டுவார்கள், எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்யும், நிறைவேறிவிடும். எனக்கு அப்படி வாசிக்க மனசில்லை. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்த்தவள் என்பதால் லாப நட்டக் கணக்கெல்லாம் தெரியும். ஆனால் நகர பட்ஜெட் வேறு ஜாதியாக இருக்கிறது. போன ஆண்டு புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே பிடிபடவில்லை.

இன்னும் சில மாதம் அவகாசம் இருக்கிறது. எதை முதலில் கேட்க? எப்படி முன்வைக்க? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தெருவிளக்கு

வாழ்த்துகள் மேடம். நான் செய்தியாளன், மாநகராட்சிச் செய்திகள்தான் என் பீட். ஒரே வேண்டுகோள்: ஸ்கேன் செய்த பிடிஎஃப் கொடுக்காதீர்கள். எக்ஸெல் கொடுங்கள். மீதியை அப்புறம் வந்து எழுதுகிறேன்.

பேரேடு

மேடம், உள்ளாட்சிக் கணக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதல் வேலையாகச் செலவுப் பக்கத்தை மூடி வையுங்கள். எல்லோரும் படிப்பது அதைத்தான்: எந்த ரோடு, எந்தப் பாலம், எந்தப் பூங்கா. பொய் அங்கே இருக்காது. செலவு வெறும் ஆசைப் பட்டியல்தானே, ஆசையில் என்ன பொய்? பொய் குடியிருப்பது வரவுப் பக்கத்தில். அதை மன்றத்தில் ஒருவரும் புரட்டுவதில்லை.

வரவுப் பக்கத்தில் நான்கு எண் பத்திகள் இருக்கும். போன ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டு மதிப்பீடு, நடப்பாண்டு திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு. முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன ஆண்டு 60 வந்த இனத்தில் வரும் ஆண்டு 100 வரும் என்று எழுதியிருந்தால், அந்த 40 எந்த வழியில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். "தீவிர வசூல் நடவடிக்கை மேற்கொள்ளப்படும்" என்று பதில் வந்தால், வழி எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சொத்து வரியை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கேட்புப் பதிவேட்டில், அதாவது யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று எழுதி வைக்கும் ஏட்டில், மொத்தம் 100 என்று வைப்போம். அதில் நடப்புக் கேட்பு 70, பழைய நிலுவை 30. இந்த 30-ஐ நம்பி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். அதில் ஒரு பகுதி நீதிமன்றத்தில் தடை வாங்கிக் கிடக்கும். ஒரு பகுதி அரசு அலுவலகக் கட்டடங்கள் கட்டாமல் விட்டது. இடித்துத் தரைமட்டமான வீடு பதிவேட்டில் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருக்கும். ஒரே கட்டடம் இரண்டு எண்ணில் பதிவாகியிருக்கும். நடப்பில் 85 சதவீதமும் நிலுவையில் 20 சதவீதமும் வசூலாகிற நகரம் என்றால் கைக்கு வருவது 59.5 கூட்டல் 6, ஆக 65.5. ஆனால் மதிப்பீட்டில் 100 என்று எழுதி, அந்த 100-க்கும் வேலை ஒதுக்கிவிடுவார்கள். ஆண்டு தொடங்குவதற்கு முன்பே 34.5 ஓட்டை விழுந்தாயிற்று.

ஆகவே கேட்பு, வசூல், நிலுவை மூன்றையும் ஐந்தாண்டுக்கு ஒரே தாளில் வாங்குங்கள். நிலுவையை வயதுவாரியாக, எது எத்தனை ஆண்டு பழையது என்று பிரித்துக் கேளுங்கள்.

முன்னாள்வார்டு

தங்கச்சி, நான் இரண்டு முறை கவுன்சிலராக இருந்தவள். பேரேடு சார் சொல்வது கணக்குக்குச் சரி. ஆனால் மன்றத்துக்குள் வேறு ஒரு நியாயம் ஓடுகிறது, அதையும் தெரிந்துகொள்.

வரவை ஏன் ஊதுகிறார்கள்? திருடுவதற்காக மட்டும் இல்லை. புத்தகத்தில் ஒரு வேலைக்குத் தனித் தலைப்பு இல்லாவிட்டால் அதற்கு அனுமதியே வாங்க முடியாது. ஆண்டின் நடுவில் மேலிருந்து திடீரென்று மானியம் வரும், "இத்தனை நாளுக்குள் திட்டம் அனுப்பு" என்பார்கள். பட்ஜெட்டில் தலைப்பு இருக்கிற ஊர் ஓடிப்போய் வாங்கிக்கொள்ளும். இல்லாத ஊர் துணைமதிப்பீடு, சிறப்புக் கூட்டம், கோரம் (குறைந்தபட்ச உறுப்பினர் வருகை) என்று சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் எல்லா வேலையையும் உள்ளே போட்டு வை, வரவு எண்ணைக் கொஞ்சம் தூக்கிக்கொள் என்பது பழகிப்போன வழி. ஒவ்வொரு வார்டுக்கும் ஏதாவது ஒன்று இருந்தால்தான் கை தூக்குவார்கள். நீ மட்டும் உண்மையான வரவைப் போட்டால் பாதி வார்டில் வேலை காணாமல் போகும். அந்தக் கூட்டத்தை நீதான் சமாளிக்கணும்.

பேரேடு

அம்மா, நீங்கள் சொல்வது நடைமுறை, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊதிய பட்ஜெட் நிறைவேறிய பிறகு என்ன ஆகிறது? வேலை 100-க்கு, பணம் 65-க்கு. எந்த 65 நடக்கும் என்பதை யாராவது ஒருவர் முடிவு செய்தே ஆகவேண்டும். மன்றம் அதைச் செய்யவில்லை, எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. அப்போது முடிவு செய்பவர் பில்லில் கையெழுத்துப் போடுகிறவர். எந்த பில் முதலில் போகும், எது அலமாரியில் தூங்கும் என்பதுதான் அந்த ஊரின் உண்மையான பட்ஜெட். கவுன்சிலர்கள் வார்டுக்கு ஒன்று வாங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, வாக்களித்த அதிகாரத்தைக் கணக்குப் பிரிவு வராந்தாவில் கொண்டுபோய் ஒப்படைக்கிறார்கள். அப்புறம் அதே வராந்தாவில் வந்து நிற்கிறார்கள், "என் வார்டு பில்லை முடிச்சு விடுங்க சார்" என்று.

மானியம் வந்தால் தலைப்பு வேண்டுமே என்றால், டோக்கன் ஒதுக்கீடு எதற்கு இருக்கிறது? தலைப்பைத் திறந்து பெயருக்கு ஒரு சிறு தொகை போட்டு வைக்கலாம். நிதி வந்ததும் திருத்த மதிப்பீட்டில் கூட்டிக்கொள்ளலாம். "நிதி கிடைத்தால் எடுத்துக்கொள்ளப்படும் பணிகள்" என்று தனிப் பட்டியலே இணைக்கலாம், முன்னுரிமை எண் போட்டு. வரவை ஊத வேண்டிய அவசியமே இல்லை.

முன்னாள்வார்டு

டோக்கன் போட்ட வார்டுக்காரர் சும்மா இருப்பாரா? "எனக்குப் பிச்சையா?" என்பார். நான் இருந்த காலத்தில் ஒருவர் புத்தகத்தைக் கிழித்தே போட்டார். ஆனால் அந்தத் தனிப் பட்டியல், முன்னுரிமை எண்ணோடு, அது நல்ல யோசனைதான். என்ன, அந்த எண்ணை யார் போடுவது என்பதில் இன்னொரு சண்டை வரும்.

பேரேடு

அந்தச் சண்டை மன்றத்தில் நடக்கட்டும் அம்மா. அதற்குத்தானே மன்றம்.

ஒன்டாரியோக்காரன்

கனடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே வரிசையே வேறு. செலவு எவ்வளவு என்று முதலில் மன்றம் முடிவெடுக்கும். அதில் கட்டணங்கள், மானியங்கள் எல்லாவற்றையும் கழித்த பிறகு மிச்சம் எவ்வளவோ அதுதான் அந்த ஆண்டு சொத்து வரியாகத் திரட்ட வேண்டிய தொகை. அதை நகரத்தின் மொத்தச் சொத்து மதிப்பால் வகுத்தால் வரி விகிதம் கிடைத்துவிடும். ஒரு பூங்கா கூடுதலாக வேண்டும் என்று கவுன்சிலர் கேட்டால், அதனால் வரி எத்தனை சதவீதம் ஏறும் என்று அப்போதே மேசையில் பதில் இருக்கும். "வேணும்" என்பதும் "கட்டு" என்பதும் ஒரே வாக்கில் நடக்கிறது. அதனால் வரவை ஊதுவதற்கு இடம் குறைவு.

இன்னொன்று, ஒன்டாரியோ நகராட்சிகள் சம்பளம், பராமரிப்பு மாதிரி நடப்புச் செலவுக்கு நெடுங்காலக் கடன் வாங்க முடியாது. கடன் மூலதன வேலைக்கு மட்டும், அதாவது கட்டடம், குழாய் மாதிரி நீண்ட நாள் நிற்கும் சொத்துக்கு. 2022-இல் டொராண்டோ, ஒட்டாவா மேயர்களுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தார்கள். இப்போது பட்ஜெட்டை முன்மொழிவது மேயர். மன்றம் திருத்தலாம், திருத்தத்தை மேயர் ரத்து செய்யலாம், அந்த ரத்தை மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் முறியடிக்கலாம். எனக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை, அது வேறு கதை.

தெருவிளக்கு

> வேணும் என்பதும் கட்டு என்பதும் ஒரே வாக்கில்

இதை இங்கே கொண்டுவந்தால் பல கவுன்சிலர்கள் பூங்காவே கேட்க மாட்டார்கள்.

ஒன்டாரியோக்காரன்

இங்கும் பக்கவிளைவு இருக்கிறது சார். வரி ஏறக்கூடாது என்ற ஒரே பயத்தில் பராமரிப்பைத் தள்ளிப்போடுவார்கள். குழாய் மாற்ற வேண்டிய ஆண்டில் மாற்ற மாட்டார்கள். பட்ஜெட் சமன், நிலத்துக்கடியில் குழாய் ஒழுகல். அந்தப் பற்றாக்குறை எந்தப் பத்தியிலும் வராது.

பழையஏடு

வரவை ஊதினால் எங்கே போய் முடியும் என்பதற்கு நியூயார்க் 1975-ஐ விட நல்ல பாடம் இல்லை. பல ஆண்டுகளாக அங்கே நடப்புச் செலவில் ஒரு பகுதியை மூலதனக் கணக்குக்குள் தள்ளினார்கள். பயிற்சிச் செலவு, வாடகை மாதிரி இனங்களைக்கூட முதலீடு என்று எழுதிக் கடன் வாங்கினார்கள். வர வேண்டிய வரி, வர வேண்டிய மானியம் என்று மிகைப்படுத்திய எண்ணைக் காட்டிக் குறுகிய காலக் கடன் எடுத்தார்கள். அதை அடைக்க இன்னொரு குறுகிய காலக் கடன். 1975 வசந்தத்தில் வங்கிகள் "இனி உங்கள் பத்திரத்தை வாங்க மாட்டோம்" என்று கையை விரித்தன. ஜூனில் நகரத்துக்காகக் கடன் திரட்ட மாநிலம் தனிக் கழகம் அமைத்தது. செப்டம்பரில் நிதிக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. தேர்ந்தெடுத்த மேயரும் மன்றமும் இருந்தபடியே இருக்க, முடிவெடுக்கும் அதிகாரம் வாரியத்திடம் போனது.

அதற்குப் பிறகு அங்கே வந்த கட்டுப்பாடுகள் கவனிக்கத்தக்கவை. பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கியல் முறைப்படி சமன் காட்ட வேண்டும், அதாவது பெட்டியில் பணம் இருக்கிறது என்பது போதாது. நான்கு ஆண்டு நிதித் திட்டம் போட வேண்டும். ஜூலை 1-இல் தொடங்கும் ஆண்டுக்கு ஜனவரியிலேயே முதல்நிலை பட்ஜெட், ஏப்ரலில் மேயரின் முழு பட்ஜெட், நடுவிலும் பின்னாலும் மன்ற விசாரணைகள். 1989 சாசனத் திருத்தத்தின்படி மேயருக்கும் மன்றத்துக்கும் கட்டுப்படாத தனி பட்ஜெட் அலுவலகமும் பிறகு வந்தது. மேயரின் வரவு மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் அதன் மதிப்பீடும் வெளிவரும். யார் கணக்கு ஊதியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

புதுநாற்காலி மேடம் கையில் எடுத்துக்கொள்ளக்கூடியது அந்த ஜனவரி-ஏப்ரல் இடைவெளி. முந்தின நாள் சாயங்காலம் புத்தகம் வருவதை முதலில் நிறுத்துங்கள்.

புதுநாற்காலி

எல்லோருக்கும் நன்றி. பேரேடு சார் சொன்னபடி வரவுப் பக்கத்தை எடுத்தேன். முதல் பத்திக்கும் கடைசிப் பத்திக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துத் தலை சுற்றியது. ஆனால் ஒரு சந்தேகம். புத்தகத்தின் தொடக்கத்திலேயே "முன்னிருப்பு" என்று பெரிய தொகை காட்டியிருக்கிறார்கள். அதைச் சேர்த்துத்தான் கடைசியில் "உபரி பட்ஜெட்" என்று வருகிறது. வங்கியில் அவ்வளவு பணம் இருக்கிறது என்றால் நம் நிலைமை அவ்வளவு மோசமில்லையே?

பேரேடு

அந்த முன்னிருப்புதான் மேடம் எல்லா மாயமும்.

வங்கிக் கையிருப்பு 50 என்று வைப்போம். அதில் கழிவுநீர்த் திட்டத்துக்கென்று வந்த மானியம் 22. அதை வேறு எதற்கும் தொடக்கூடாது. ஒப்பந்ததாரர்கள் கட்டிய காப்புத்தொகையும் பில்லில் பிடித்து வைத்த தொகையும் 9. அது அவர்கள் பணம், காலம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். ஊழியர் சம்பளத்தில் பிடித்து இன்னும் உரிய கணக்கில் செலுத்தாத சேமநிதி, ஓய்வூதியப் பங்கு 7. எழுதிக் கொடுத்து இன்னும் வங்கிக்குப் போகாத காசோலை 4. கூட்டினால் 42. உங்கள் பணம் 8 மட்டும்தான். வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்த நகையையும் சேர்த்து எடை போட்டு நான் பணக்காரன் என்று சொல்வது மாதிரி.

அதனால் "முன்னிருப்பில் கட்டுண்ட நிதி எவ்வளவு, கட்டற்ற நிதி எவ்வளவு?" என்று ஒரே வரியில் கேளுங்கள். பதில் வருவதற்கு நாளாகும். நாளானால் அதுவே ஒரு பதில்.

இரண்டாவது கேள்வி, பில் பாக்கி. ரொக்க அடிப்படையில் கணக்கு எழுதுகிற ஊரில் கொடுக்காத பணம் செலவே இல்லை. மின்கட்டண பாக்கி, குடிநீர் கொள்முதல் பாக்கி, ஒப்பந்ததாரர் பாக்கி, ஓய்வு பெற்றவர்களுக்குத் தர வேண்டியது, ஒன்றும் புத்தகத்தில் தெரியாது. வேலை முடிந்து, அதை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவாகி இன்னும் பணம் தராத பில்கள், வேலை முடிந்தும் பில்லே போடாதவை, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மூன்றாவது, தொடர் பணிகள். போன ஆண்டு ஒப்பந்தம் போட்டு இந்த ஆண்டும் நடந்துகொண்டிருப்பவை. வரும் ஆண்டு மூலதன ஒதுக்கீட்டில் முதல் உரிமை அவற்றுக்குத்தான். அவற்றைக் கழித்தால் "புதிய பணிகள்" என்று அறிவிக்க எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். பல ஊரில் ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் உரையில் புதிய பணிகள் பக்கம் பக்கமாக வரும்.

தெருவிளக்கு

இந்த "உபரி" தலைப்பு எங்கள் தொழிலிலும் ஒரு நோய். பட்ஜெட் அன்று மதியத்துக்குள் செய்தி போக வேண்டும். உரையின் கடைசிப் பக்கத்தில் உபரி இவ்வளவு என்று இருக்கும், அதைத் தூக்கித் தலைப்பில் போட்டுவிடுவோம். போன ஆண்டு சொன்னதில் எவ்வளவு நடந்தது என்று பார்க்க நேரமும் இல்லை, பார்க்கத் தோதாகத் தாளும் கையில் இல்லை.

நடுநிலை

பேரேடு சாரின் வாதம் ஒருபக்கமாகப் போகிறது என்று தோன்றுகிறது. வரவை எச்சரிக்கையாகக் குறைத்துப் போடுகிற ஊர்களும் இருக்கின்றன. ஆண்டு முடிவில் "எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தது" என்று ஒரு பெரிய தொகையை எடுத்து, தேர்தல் பக்கம் வரும்போது விருப்பப்படி செலவு செய்வார்கள். அதுவும் மன்றத்தை ஏய்ப்பதுதான். குறைத்துப் போட்டால் யோக்கியம், கூட்டிப் போட்டால் அயோக்கியம் என்று சொல்லிவிட முடியாது.

பேரேடு

ஒத்துக்கொள்கிறேன். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மதிப்பீடும் உண்மையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தெரிந்துவிடும். ஒரே திசையில் தொடர்ந்து தவறினால் அது கணிப்புத் தவறு இல்லை, பழக்கம்.

பழையஏடு

இங்கிலாந்தில் இதற்கு ஒரு சட்ட ஏற்பாடு இருக்கிறது. 2003 உள்ளாட்சிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. பட்ஜெட் மன்றத்துக்கு வரும்போது நிதித்துறைத் தலைமை அதிகாரி தன் பெயரில் ஓர் அறிக்கை வைக்க வேண்டும்: இந்த மதிப்பீடுகள் நம்பத்தக்கவையா, கையிருப்பு போதுமா என்று. மன்றம் அதைக் கருத்தில் கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். செலவு வரவை மீறும் நிலை வந்தால் அதே அதிகாரி 1988 உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114-ஆம் பிரிவில் அறிவிப்பு விட வேண்டும். 2023 செப்டம்பரில் பர்மிங்காம் விட்டது அதைத்தான். சம ஊதிய வழக்குகளால் சேர்ந்த பொறுப்பு ஒரு பக்கம், புதிதாக வாங்கிய கணக்கு மென்பொருள் சொதப்பி நிலவரமே தெரியாமல் போனது இன்னொரு பக்கம்.

உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, கணக்கு அதிகாரியிடம் அப்படி ஒரு குறிப்பு எழுதித்தரச் சொல்லிக் கேட்பதற்கு யாரும் தடை போட முடியாது.

முன்னாள்வார்டு

எழுதித்தர மாட்டார் பாரு. "வாய்மொழியாச் சொல்றேம்மா" என்பார்.

குழாயடி

நான் குடிநீர்ப் பிரிவில் இருக்கும் பொறியாளர். எங்கள் பக்கத்து வேதனை ஒன்று. மூலதன பட்ஜெட்டில் ஒரு நீரேற்று நிலையம் வரும். கட்டச் செலவு இவ்வளவு, மானியம் இவ்வளவு, நகரத்தின் பங்கு இவ்வளவு. எல்லோருக்கும் சந்தோஷம், திறப்பு விழா நடக்கும். மறுநாள் காலையில் யார் மோட்டாரைப் போடுவது? மூன்று ஷிப்டுக்கு ஆபரேட்டர், விடுப்புக்கு மாற்றாள், மாதாமாதம் மின்கட்டணம், கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல், வால்வு, பேரிங், சில ஆண்டில் மோட்டார் சுருள் கட்டுவது. இதில் ஒரு பைசா அன்றாடச் செலவுக்கான வருவாய்க் கணக்கில் ஏறியிருக்காது. கேட்டால் "இருக்கிற ஒதுக்கீட்டில் சமாளியுங்கள்". சமாளிப்பது என்றால் பழைய நிலையத்தின் பராமரிப்பில் கை வைப்பதுதான். புதுசு ஓடும், பழசு நிற்கும்.

மேடம், ஒவ்வொரு மூலதனப் பணிக்கும் பக்கத்தில் இன்னொரு பத்தி போடச் சொல்லுங்கள்: "முடிந்த பிறகு ஆண்டுக்கு ஆகும் செலவு". அந்தப் பத்தி வந்தாலே பல திட்டம் தானாகச் சுருங்கும்.

பேரேடு

குழாயடி சொல்வது தங்கமான யோசனை. கூடவே மாதவாரி ரொக்க ஓட்டமும் ஒரு தாள் வேண்டும். ஆண்டுக் கணக்கு சமனாக இருக்கும். ஆனால் சம்பளம் மாதாமாதம் போகும், சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை கடைசித் தேதி நெருக்கத்தில் குவியும், மானியம் நினைத்தபோது வரும். நடுவில் இரண்டு மூன்று மாதம் பெட்டி காலி. அந்த மாதங்களில்தான் கட்டுண்ட நிதியில் கை வைக்கும் ஆசை வரும். "அடுத்த மாசம் திருப்பிப் போட்டுடலாம்" என்று எடுத்தது திரும்பிப் போனதை நான் பார்த்தது குறைவு.

இளையகுடிமகன்

மக்களிடம் கேட்டுப் பட்ஜெட் போடும் முறையை யாரும் பேசவில்லையே? பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரி 1989-இல் தொடங்கியது, உலகம் முழுக்கப் பரவியது. புனேயில் 2006-இலிருந்து குடிமக்கள் வேலைகளைப் பரிந்துரைக்கிறார்கள். பாரிஸ் 2014-இல் தொடங்கி முதலீட்டு பட்ஜெட்டில் 5 சதவீதத்தை மக்கள் வாக்குக்கு விட்டது. பணம் எங்கே போக வேண்டும் என்று மக்கள் சொன்னால் இந்தச் சிக்கலெல்லாம் தீராதா?

பேரேடு

தீராது தம்பி. 5 சதவீதத்துக்கு மக்கள் வாக்களிக்கும்போது 95 சதவீதத்தின் வரவு ஊதப்பட்டிருந்தால், மக்கள் தேர்ந்தெடுத்த வேலையும் அதே பில் வரிசையில் போய் நிற்கும். அப்போது ஏமாற்றம் இரட்டிப்பு.

முன்னாள்வார்டு

நான் தம்பி பக்கம். போர்ட்டோ அலெக்ரியில் மக்களைக் கூப்பிட்டு வேலை மட்டும் கேட்கவில்லை. போன ஆண்டு ஒத்துக்கொண்டது எவ்வளவு முடிந்தது என்று ஒவ்வொரு பகுதிக் கூட்டத்திலும் நகர நிர்வாகம் வந்து கணக்குச் சொல்ல வேண்டும். அதுதான் அதன் உயிர். வாக்கெடுப்பு மட்டும் நடத்திவிட்டு முந்தைய ஆண்டுக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் அது விழா.

இளையகுடிமகன்

அப்படியென்றால் உரையின் முதல் பகுதி போன ஆண்டு சொன்னதின் கணக்காக இருக்கட்டுமே?

தெருவிளக்கு

இதற்குத்தான் காத்திருந்தேன். உரை பற்றி என் கருத்து.

பட்ஜெட் உரைகள் எல்லாம் ஒரே வார்ப்பு. மேற்கோள் ஒன்று, தலைவர்களுக்கு நன்றி, துறைவாரியாக அறிவிப்பு, கடைசியில் எண். கேட்பவர்கள் அறிவிப்பை எண்ணுவார்கள். என் யோசனை: எண்ணை முன்னால் கொண்டுவாருங்கள். போன ஆண்டு அறிவித்த பணிகள் எத்தனை, முடிந்தவை எத்தனை, நடப்பவை எத்தனை, கைவிட்டவை எவை, ஏன். கைவிட்டவற்றைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். எந்த நகரத் தலைவரும் சொல்லாதது அதுதான், அன்றைக்குச் செய்தியும் அதுதான்.

வட்டப் படம் வேண்டாம். வரும் காசு எங்கிருந்து, போகும் காசு எங்கே என்று கலர் கலராக ஒரு வட்டம் போடுவார்கள். அதில் மதிப்பீட்டைத்தான் வெட்டிக் காட்டுவார்கள், உண்மையை இல்லை. அதற்குப் பதில் மதிப்பீடு ஒரு கோடு, உண்மை ஒரு கோடு, ஐந்தாண்டுக்கு. ஒரே படம் போதும்.

பழையஏடு

1908-இல் நியூயார்க்கில் பட்ஜெட்டைக் கண்காட்சியாகவே வைத்தார்கள். படங்கள், பலகைகள், நகரம் வாங்கிய சாமான்கள் எல்லாம் காட்சிக்கு வைத்து மக்கள் வந்து பார்த்தார்கள். நகர ஆய்வு அமைப்பு ஒன்றுதான் அதை முன்னின்று செய்தது. அமெரிக்க அரசு நிதி அலுவலர் சங்கம் 1984 முதல் நல்ல பட்ஜெட் ஆவணத்துக்கு விருது தருகிறது. கொள்கை ஆவணமாக, நிதித் திட்டமாக, செயல் வழிகாட்டியாக, மக்களிடம் பேசும் கருவியாக ஒரே புத்தகம் நான்கு வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். அதே சங்கம் பொது நிதியில் குறைந்தது இரண்டு மாத நடப்பு வரவுக்கோ செலவுக்கோ சமமான கட்டற்ற கையிருப்பு வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. உங்கள் 8 எத்தனை நாளைக்கு வரும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள் மேடம்.

புதுநாற்காலி

8 என் எண் இல்லை சார், பேரேடு சாரின் உதாரணம். என் எண் அதைவிடச் சங்கடமாக இருக்கிறது.

கேட்ட மூன்றுக்கும் பதில் வந்துவிட்டது. கட்டற்ற நிதிக்குப் பதில் வர ரொம்ப இழுத்தது, ஆனால் வந்தது. பில் பாக்கிப் பட்டியலைத் தேதிவாரியாகப் பார்த்தேன். சில பில் மூன்று ஆண்டு பழையது, அதற்குப் பின்னால் போட்ட பில்கள் பணம் வாங்கிப் போய்விட்டன. மன்றத்தில் யாரும் அப்படித் தீர்மானம் போடவில்லை. பேரேடு சார் சொன்ன வராந்தா இதுதான் என்று புரிந்தது. பாக்கியையும் தொடர் பணிகளையும் கழித்தால் புதிய பணிக்கு மிகக் கொஞ்சமே நிற்கிறது.

நான் நினைத்திருப்பது: வரவை மூன்றாண்டு உண்மை வசூலை ஒட்டிப் போடுவது. புதிய பணிகளைக் குறைத்து, மீதியை முன்னுரிமை எண்ணோடு தனிப் பட்டியலாக இணைப்பது. நீரேற்று நிலையம் மாதிரிப் பணிகளுக்குப் பின்செலவுப் பத்தி. வரைவை முன்கூட்டியே எல்லா உறுப்பினருக்கும் கொடுப்பது. எங்கள் கட்சிக்காரர்களிடம் சொன்னேன். "போன ஆண்டைவிடச் சின்ன பட்ஜெட்டா? எதிர்க்கட்சி கிழிச்சிடுவாங்க" என்று ஒரே சத்தம். மொத்தத் தொகை குறைவாக வருவதை எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது என் தலைவலி.

தெருவிளக்கு

போன ஆண்டு மதிப்பீட்டோடு ஒப்பிடாதீர்கள். போன ஆண்டு உண்மையில் செலவானதோடு ஒப்பிடுங்கள். அதைவிட உங்கள் பட்ஜெட் பெரிதாகத்தான் இருக்கும். சந்தேகமிருந்தால் கூட்டிப் பாருங்கள்.

புதுநாற்காலி

பார்த்தேன். பெரிதுதான்! இதை எப்படிக் கவனிக்காமல் விட்டார்கள் எல்லோரும்?

முன்னாள்வார்டு

கவனிக்காமல் இல்லை தங்கச்சி. சரி, நான் ஒன்று சொல்கிறேன். உரைக்கு முன்னாடியே ஒவ்வொரு கட்சித் தலைவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பில் பாக்கிப் பட்டியலில் அவரவர் வார்டு பில் எங்கே நிற்கிறது என்று காட்டு. எதிர்க்கட்சிக்காரர் வார்டு பில்தான் அடியில் கிடக்கும், எனக்குத் தெரியும். "இனி தேதி வரிசைப்படிதான் பில், பட்டியல் மாதாமாதம் இணையதளத்தில்" என்று தீர்மானம் கொண்டுவா. சின்ன பட்ஜெட்டுக்கு அவர்களே கை தூக்குவார்கள். உன் கட்சிக்காரர்கள்தான் முறைப்பார்கள்.

பேரேடு

அம்மா சொன்னதோடு ஒரு சின்னத் திருத்தம். தேதி வரிசை என்று மட்டும் போட்டால் சம்பளமும் மின்கட்டணமும் மாட்டிக்கொள்ளும். "சம்பளம், ஓய்வூதியம், மின்சாரம், கடன் தவணை நீங்கலாக, ஒப்பந்தப் பணி பில்கள் கணக்குப் பிரிவில் பெறப்பட்ட தேதி வரிசைப்படி" என்று எழுதுங்கள். பில் பெற்ற தேதிக்கு முத்திரையும் வரிசை எண்ணும் கட்டாயம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பில் பொறியியல் பிரிவிலேயே உட்கார்ந்திருக்கும், கணக்குப் பிரிவுக்கு வந்த தேதியே இருக்காது.

குழாயடி

சார், எங்கள் பிரிவையே ஏன் இழுக்கிறீர்கள்? அளவுப் புத்தகம் சரிபார்க்க ஆள் இல்லை, அந்தப் பணியிடம் காலி. அதையும் வருவாய்க் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

புதுநாற்காலி

சேர்க்கிறேன் சார். எத்தனை பணியிடம், எந்த நிலை என்று தனிமடலில் அனுப்புங்கள்.